கிருஷ்ணன் கருவி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் இரண்டு வகையினர். கோபுரத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் ஒரு வகை; பால்கோவா வாங்க வருகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரும் ஊர் திரும்பும்போது இரண்டாம் வகையில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது நாம் நேரில் கண்டறிந்த உண்மை. பதினொரு நிலைகளுடன் வானளாவி நிற்கும் அந்தக் கோபுரம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையிலேயே இடம் பெற்றிருக்கிறது. பால்கோவாவும் சளைத்ததல்ல. 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு என்னும் சர்க்கார் அங்கீகாரத்தை அதுவும் பெற்றுவிட்டது.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஊர் என்ற பெருமையை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு என்று சொன்னால், உள்ளூர்க்காரர்களிலேயே பலர் புருவத்தை உயர்த்துவார்கள். பாரத தேசத்தின் விஞ்ஞான சரித்திரத்தில் மைல்கல் என்று சொல்லத்தக்க ஒரு காரியத்தில் பங்கு கொண்ட மகான் ஒருவர், இந்தச் சீமையின் மண்ணிலே நடந்து பள்ளிக்கூடம் சென்றவர். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பு என்ற பசுமையான ஊர் இருக்கிறது. அங்கே 1898-ஆம் வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன். உலகம் அவரைக் கே. எஸ். கிருஷ்ணன் என்று அறியும். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் சென்றார்.

பள்ளிக்கூட நாட்களில் அவருக்குத் திருமலைக்கொழுந்துப் பிள்ளை என்று ஓர் உபாத்தியாயர் வாய்த்தார். போதனா முறையில் தனிப் பயிற்சி பெற்றவரல்ல. ஆயினும் பௌதிகத்தையும் ரஸாயனத்தையும் பூகோளத்தையும் அவர் சொல்லிக் கொடுத்த விதம், கேட்கும் பிள்ளைகள் தாங்களே கையால் செய்து பார்த்தது போன்ற அநுபவத்தைத் தந்ததாம். கிருஷ்ணனே பிற்காலத்தில் நன்றியோடு எழுதியிருக்கும் செய்தி இது.

கடைசி வகுப்பில் பிள்ளையவர்கள் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பாடம் நடத்தினார். ஒரு பொருளைத் தண்ணீரில் அமிழ்த்தினால், அது எவ்வளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறதோ அந்தத் தண்ணீரின் எடை அளவுக்குத் தன் எடை குறைந்ததாகத் தோன்றும் என்பதே அந்தத் தத்துவம். கிணற்றில் வாளி இறைத்த எவருக்கும் இது தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வருகிற வாளி, தண்ணீர் மட்டத்தைத் தாண்டியதும் தோளைப் பிடித்து இழுக்கிறதல்லவா? பாடத்தைக் கேட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் நெட்டுருச் செய்தார்கள். கிருஷ்ணனோ வீட்டுக்குப் போய் ஒரு கருவி செய்தார். திடப் பொருளானாலும் திரவமானாலும், அதன் அடர்த்தியைக் கண்டுபிடிக்க உதவும் எளிய கருவி அது. மறுபடி உபாத்தியாயரிடம் வந்து, அதை உபயோகிக்கும் விதத்தையும் விளக்கினார்.

பிள்ளையவர்கள் முழுக் கவனத்துடன் கேட்டார். கேட்டு முடித்ததும் அளவற்ற சந்தோஷம் அடைந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். நிக்கல்ஸன் என்ற விஞ்ஞானி இதே தத்துவத்தைக் கொண்டு இதே மாதிரியான கருவியை முன்னமேயே செய்திருக்கிறார். அதை அறியாமல் நீ சுயமாகவே கண்டுபிடித்திருக்கிறாய். அவருக்கு முன்னால் நீ பிறந்து செய்திருந்தால், உலகம் இதைக் கிருஷ்ணன் கருவி என்று அழைத்திருக்கும் என்றார்.

நிக்கல்ஸன் செய்தது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். வில்லியம் நிக்கல்ஸன் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ரஸாயன அறிஞர். அவருடைய கருவி உள்ளே குடைவான ஓர் உலோக மிதவை. அதன் தலையிலே மெல்லிய காம்பும், காம்பின் மேல் ஒரு சிறு தட்டும் உண்டு. அடியிலே ஒரு சிறு கிண்ணம் தொங்கும். காம்பில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரையில் மிதவை தண்ணீரில் அமிழும்படி மேல் தட்டில் எடைக் கற்களை வைக்க வேண்டும். உதாரணமாக 10 தோலா தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு கல்லை மேல் தட்டில் வைத்தால், 4 தோலா எடையே போதுமானதாகிறது. ஆகவே கல்லின் எடை 6 தோலா. அதே கல்லை அடியிலுள்ள கிண்ணத்துக்கு மாற்றினால், கல் தண்ணீருக்குள் இருப்பதால் லேசாகிவிடுகிறது. கோடு வரையில் அமிழ்த்த மேலே 6 தோலா வேண்டியிருக்கிறது. அதாவது கல் தண்ணீரில் இழந்த எடை 2 தோலா. ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. தண்ணீரைப் போல் மூன்று மடங்கு அடர்த்தியுள்ள கல் அது. தராசு இல்லை, அடுப்பு இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு மிதவையும் ஒரு கோடும் போதும்!

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மிதவையை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள். பால்மானி என்று பெயர். பால் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது. தண்ணீர் ஒரு பங்கு என்றால் பால் சுமார் 1.03 பங்கு. ஆகையால் பாலில் தண்ணீர் கலந்தால் பால்மானி அதிகமாக அமிழ்ந்து குட்டை வெளியிட்டுவிடும். ஆனால் பால்மானியை ஏமாற்றவும் வழி உண்டு. பாலைவிட லேசான ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். அப்புறம் அளவாகத் தண்ணீரை விட்டால் கணக்குச் சரியாகிவிடும்! ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நன்றாகப் புரிந்து கொண்டவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் இந்த விஷயத்தைச் சொல்வது பொருத்தமாகவே இருக்கும்.

நிற்க. அந்த உபாத்தியாயர் வேறு எவ்வளவோ விதமாக நடந்து கொண்டிருக்கலாம். "பரீட்சைக்குப் படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டியிருக்கலாம். "இது ஏற்கெனவே இருக்கிற சாமான்தானே?" என்று சொல்லிப் பையனின் முகத்தை வாடச் செய்திருக்கலாம். அல்லது, நிக்கல்ஸனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வீண் புகழ்ச்சி செய்து, பையன் தன்னை உலகத்திலேயே முதல்வன் என்று எண்ணிக்கொள்ளும்படி விட்டிருக்கலாம். மூன்றையும் அவர் செய்யவில்லை. உண்மையையும் மறைக்கவில்லை, உற்சாகத்தையும் கெடுக்கவில்லை. அந்தச் சொற்கள் கிருஷ்ணனின் நெஞ்சில் கடைசிவரை நிலைத்திருந்தன.

கிருஷ்ணன் தாம் பெற்றதைப் பிறருக்கும் கொடுத்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரஸாயன சாலையில் உதவியாளராக இருந்தபோது, மத்தியான இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, பௌதிகத்திலும் கணிதத்திலும் அவர்கள் கேட்கும் சந்தேகங்களையெல்லாம் தீர்த்து வைப்பாராம். பிற கல்லூரி மாணவர்களும் அந்தச் சபைக்கு வந்து சேர்ந்தார்கள். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று பலர் ஐயுற்ற காலத்தில், தமிழிலேயே கட்டுரைகள் எழுதிக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் வீதியில், மகேந்திரலால் ஸர்க்கார் என்னும் வங்காள வைத்தியர் 1876-ல் ஜனங்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அன்னியர் ஆட்சியில், இந்தியர்கள் தாங்களே நடத்த வேண்டும் என்ற உறுதியோடு ஏற்படுத்திய ஆராய்ச்சி சாலை அது. அதில் ஸர் சி. வி. ராமனுடன் 1923 முதல் கிருஷ்ணன் உழைத்தார்.

1928-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், ஏட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை, மறுபடியும் பரிசோதனையில் இறங்கும்படி ராமன் தூண்டினார். சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியாக வடிகட்டி ஒரு திரவத்துக்குள் செலுத்துவார்கள். அங்கிருந்து சிதறி வரும் ஒளியை, ஊதாவை அடியோடு தடுத்துவிடும் வேறொரு வடிகட்டி வழியாகப் பார்ப்பார்கள். போன ஒளியே திரும்பி வருகிறதென்றால் ஒன்றுமே தெரியக்கூடாது. இருள்தான் தெரிய வேண்டும். ஆனால் வெளிச்சம் தெரிந்தது! ஒளியின் ஒரு பகுதி திரவத்தின் அணுத் திரள்களுடன் சக்தியைப் பரிமாறிக் கொண்டு, நிறம் மாறி வெளிவருகிறது என்பது புலனாயிற்று. ஒன்றிரண்டு திரவங்களில் மட்டுமல்ல, சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். அத்தனையிலும் அந்த விந்தை கண்டது. பிப்ரவரி 28-ஆம் தேதி நிறமாலை காட்டியில் அது ஐயமறத் தெளிவாயிற்று. 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் என்ற இருவர் கையெழுத்தும் இருக்கின்றன. அந்நாட்களில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தது நம்முடைய பாக்கியம்.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. விளைவுக்கும் ராமன் பெயரே நிலைத்தது. ராமனுடைய மேதையை யாரால் குறைத்துச் சொல்ல முடியும்? ஆனால் 1987 முதல் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடும்போது, வத்திராயிருப்புக்காரரின் பெயரைக் கூட்டங்களில் உச்சரிக்க மறந்துவிடுகிறார்களே என்பதுதான் நம் மனக்குறை. வெளியூர்க்காரர்கள் மறந்தால் மன்னிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் மறக்கலாமா?

கிருஷ்ணன் அத்துடன் நின்றுவிடவில்லை. 1928-ன் இறுதியில் டாக்கா சென்று, பளிங்குகளின் காந்த குணங்களை ஆராயத் தொடங்கினார். 1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பி, மகேந்திரலால் ஸர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார். ஒரு சிறு பளிங்கை மெல்லிய படிக இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல் முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், பளிங்கு ஓர் எல்லை வரையில் பிடிவாதமாகத் தன் நிலையை விடாமல் நிற்கும். எல்லை தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தை அளந்தால், பளிங்கின் காந்த குணம் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். உடன் உழைத்த பானர்ஜியின் பெயரையும் சேர்த்துக் கிருஷ்ணன்-பானர்ஜி முறை என்று விஞ்ஞானிகள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நிக்கல்ஸன் முந்திக்கொண்டார். இந்த முறை கிருஷ்ணனை யாரும் முந்தவில்லை!

1940-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கொண்டது. 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1947-ல், தேசம் விடுதலை பெற்ற வருஷத்தில், தில்லியில் உருவாகிக் கொண்டிருந்த தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவராக நியமனம் பெற்றார். அதன் கட்டடத்தை 1950 ஜனவரியில் ஸர்தார் படேல் திறந்து வைத்தார். 1961 ஜூனில் காலமாகும் வரையில் கிருஷ்ணன் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த நிலையத்துக்கு உரிய முக்கியக் கடமைகளில் ஒன்று, தேசத்தின் அளவைகளைக் காப்பது. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. தோலாவும் பலமும் சேரும் மணங்கும் விடைபெற்று, கிராமும் கிலோகிராமும் வந்து சேர்ந்தன. பாரிஸ் நகரத்துக்கு அருகில் பாதுகாத்து வைத்த மூலக் கிலோகிராமின் 57-ஆம் எண் பிரதி தில்லி நிலையத்துக்கு வந்தது. 2019 மே 20-ஆம் தேதி முதல் கிலோகிராமை உலோகக் கட்டியைக் கொண்டு நிர்ணயிக்காமல் இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். ஆயினும் தேசத்தின் அளவைகளுக்குப் பொறுப்பு இன்றும் அந்த நிலையமே.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே ஏழெட்டு மைலில் இருக்கும் ராஜபாளையம் வரை நம்முடன் வரட்டும். ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தோன்றியது முதல், அந்த ஊர் நூற்பாலைகளுக்குப் பேர்பெற்றது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் கொண்ட கழிகள் 40 சேர்ந்து ஒரு ராத்தல் எடை இருக்க வேண்டும். நீளமும் எடையும் சரியாக அளக்கத் தெரியாவிட்டால் நூலும் இல்லை, துணியும் இல்லை, வியாபாரமும் இல்லை. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிறார்கள். அங்கும் இழைக் கணக்குத் தவறினால் துணி தேறாது. அளவையின் உண்மைதான் தொழிலின் நாணயம். இதே சீமையில் மிதவை செய்து அடர்த்தி அளந்த பையன், ஒரு நாள் தேசம் முழுவதற்கும் அளவைக் காவலனானான் என்பதை எண்ணும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி, நம் சொந்தக் கதை ஒன்று. நாம் படித்த பள்ளிக்கூடத்திலும் நிக்கல்ஸன் கருவி ஒன்று இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் பளபளவென்று இருந்தது. பீரோவின் சாவியோ யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் வரும் தினத்தில் மட்டும் பீரோவைத் துடைப்பார்கள். தண்ணீரில் மிதக்க வேண்டிய கருவி, நாம் படித்த காலம் முழுவதும் தூசியில் மிதந்தது! அதன் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, நல்ல மார்க்கும் வாங்கினோம். ஆனால் அது தண்ணீரில் அமிழ்வதை ஒரு நாளும் கண்டதில்லை. இன்றும் அந்த மாதிரிப் பீரோக்கள் எத்தனை ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றனவோ!

தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் நம்முடைய விண்ணப்பம் ஒன்றே. உங்கள் குழந்தை தகர டப்பாவும் கம்பியும் வைத்துக்கொண்டு எதையோ செய்து உங்களிடம் காட்ட வந்தால், தயவு செய்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். அது முன்னமேயே உலகத்தில் இருக்கிற பொருளாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கூடவே, அதைத் தானாகவே கண்டுபிடித்ததற்கு ஒரு சபாஷும் போடுங்கள். திருமலைக்கொழுந்துப் பிள்ளை செய்தது அவ்வளவுதான். அதற்குப் பணச் செலவு இல்லை. பீரோச் சாவி கூட வேண்டியதில்லை.

அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் கோபுரத்தைத் தரிசிக்கட்டும், பால்கோவாவும் வாங்கட்டும். கடைக்காரர் தராசில் எடைக்கல்லை வைக்கும்போது, இந்தச் சீமையில் பிறந்து தேசத்தின் எடைகளுக்கே காவல் இருந்த கிருஷ்ணனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும். குழந்தைகள் கூட இருந்தால், கதையை அவர்களுக்கும் சொல்லட்டும்.