உள்ளங்கால் மெலனோமா: முதியோருக்கான அறுவை சிகிச்சை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமா அரிதான தோல் புற்றுநோய். நிணநீர் நெறிகளுக்கும் நுரையீரலுக்கும் விரைந்து பரவக்கூடியது. இந்தியர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு. வரும்போது அதில் கணிசமான பங்கு காலடியில்தான் தோன்றுகிறது. வெயில் இதற்கு முக்கியக் காரணமல்ல. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் 50 வயதைக் கடந்தவர்கள்.

வடசென்னையில் இந்நோய் எளிதில் மறைந்துகொள்கிறது. காசிமேட்டின் ஈரத் தரையிலும், துறைமுகச் சுமை வேலையிலும், எண்ணூர் ஆலைகளிலும் உழைத்துத் தேய்ந்த கால்களில் வெடிப்பு, கால் ஆணி, சர்க்கரைப் புண் எல்லாம் சாதாரணம். குதிகாலில் ஓரம் ஒழுங்கற்றுப் பரவும் கருந்திட்டும் அவற்றில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பிளேடால் சீவுவதிலும், ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதிலும், கட்டு மாற்றுவதிலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. சில கட்டிகளில் கருமையே இராது. சிவந்த சதையாக வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசியும்.

நிலைப்பாடு

1. பயாப்ஸி முதலில். சில வாரங்களில் ஆறாத உள்ளங்கால் புண்ணையும், பரவும் கருந்திட்டையும், அடிபடாமலே கருத்த நகத்தையும் திசுப் பரிசோதனை இல்லாமல் சுடவோ சுரண்டவோ கூடாது. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வகுத்த இந்த அளவு, சுட்டுவிட்ட திசுவில் கிடைக்காது.

2. வயது மட்டுமே தடையாகாது. பரவாத மெலனோமாவைக் குணப்படுத்தும் முதன்மை வழி அறுவை சிகிச்சை. கால் அறுவையை முதுகுத்தண்டு ஊசியிலோ நரம்பை மரக்கச் செய்தோ முடிக்கலாம் என்பதால், முழு மயக்கம் தாங்காத பலருக்கும் அது சாத்தியம். இதயம், சிறுநீரகம், சர்க்கரை அளவு, காலின் ரத்த ஓட்டம், நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்; பிறந்த ஆண்டைப் பார்த்து அல்ல.

3. தேவையான அளவே வெட்டு. 1 மி.மீ. வரை ஆழமுள்ள கட்டிக்குச் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் ஆழமானதற்கு 2 செ.மீ. நல்ல தோல் சேர்த்து அகற்றினால் போதும்; இடைப்பட்டவற்றுக்கு 1 முதல் 2 செ.மீ. குதிகாலில் கட்டி என்பதற்காகக் காலையே எடுக்க வேண்டியதில்லை. பாதத்தின் உள்வளைவிலிருந்து ரத்தக்குழாயோடு தோலைத் திருப்பிக் குதிகாலில் பொருத்தினால், அது உடல் எடையைத் தாங்கும், மீண்டும் நடக்கலாம். விரல் நகத்தடி நோய்க்குப் பெரும்பாலும் விரலின் ஒரு பகுதியை எடுப்பதே போதும்.

4. நெறியைச் சோதித்தல். ஆழமான கட்டிகளில், நோய் முதலில் சென்றடையும் காவல் நெறியை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் நுண்ணிய அளவில் நோய் தெரிந்தாலும், தொடை இடுக்கு நெறிகள் முழுவதையும் உடனே அகற்றுவது ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்தப் பெரிய அறுவையால் கால் வீக்கத்தோடு வாழ நேரலாம் என்பதால், அதைத் தவிர்ப்பது முதியோருக்குப் பெரும் நன்மை. அவர்களை ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

5. அறுவை பொருந்தாதபோது. நோய் உள்ளுறுப்புகளுக்குப் பரவியிருந்தாலோ, உடல் மிகவும் தளர்ந்திருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள், கதிர்வீச்சு, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை முன்வைக்க வேண்டும். ரத்தக் கசிவையும் நாற்றத்தையும் நிறுத்தச் சிறு அறுவை அப்போதும் உதவும்.

பரிந்துரைகள்

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடுதேடி வருகிறார்கள். அந்த நேரத்திலேயே முதியவரின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பார்க்கப் பயிற்சி தரப்பட வேண்டும். சந்தேகத்துக்குரியவர்களை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பங்களுக்கு அதைப் பெற்றுத்தரும் உதவி அங்கேயே கிடைக்க வேண்டும். நோயின் பெயரையும் சிகிச்சையின் பலன், பாதிப்பு இரண்டையும் பிள்ளைகளிடம் மட்டுமன்றி முதியவரிடமும் சொல்ல வேண்டும். ஒப்புதல் அவருடையதாக இருக்க வேண்டும்.