பன்விலயில் எந்த மாதம் வசந்த காலம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போகாமல், நேரம் இருக்கும்போது வந்து வாசியுங்கள். ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மார்ச் மாதம் பிறந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோக்கள் வரத் தொடங்கும். வசந்த காலம் வந்துவிட்டதாம், தக்காளி நாற்றுகளை வெளியே எடுக்க வேண்டுமாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் நம்முடைய ஆட்கள்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. அங்கே பனி உறைந்தால் தக்காளி ஓர் இரவில் கருகிப்போகும். அதனால் வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில் விதை போட்டு வளர்த்து, கடைசி உறைபனி போன பிறகு மே மாதத்தில் வெளியே நடுகிறார்கள். அந்த வீடியோவை அப்படியே எடுத்து, பன்வில, ஹுலுகங்க, மடுல்கலை ஆட்கள் இருக்கும் குழுவில் போட்டு, "நாங்களும் தொடங்குவோம்" என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுக்கிற நம்முடைய ஆசிரியர்களோடு அதைவிடப் பெரிய வழக்கு.

நமக்கு எங்கே வசந்த காலம்? ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த விழா நடக்கிறது. பூக்கண்காட்சி, கார் ஓட்டப்போட்டி, ஹோட்டலில் அறை கிடைக்காது. வெள்ளைக்காரத் துரைமார் குளிர் தேடி மலை ஏறிய பழக்கத்தின் மிச்சம் அது. தமிழ் இலக்கியப் பாடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் படிப்பிக்கிறோம். அதையும் பன்விலக் குன்றின் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. இங்கே விவசாயிக்குத் தெரிந்தது பெரும்போகமும் சிறுபோகமும். இரண்டையும் தீர்மானிப்பது மழை.

தக்காளிக்கு அங்கே எதிரி உறைபனி. இங்கே எதிரி மழை. இது விளங்காவிட்டால் மற்ற எதுவும் விளங்காது. மார்ச் கடைசியில் விதை போட்டால் மூன்று நான்கு கிழமையில், அதாவது ஏப்ரல் கடைசியில், நாற்றைப் பிடுங்கி நடுவீர்கள். அப்போது பின்னேரம் பின்னேரம் இடியோடு மழை. செடி வேர்பிடித்து நிமிரும்போது மே, ஜூன். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். வெயிலும் இல்லை, காற்றும் ஈரம், இலை காயவே காயாது. பின்வெளிறல் நோய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இலையில் தண்ணீர் பட்டதுபோல் கரும்பச்சைப் புள்ளி விழும். நாலைந்து நாளில் முழுச் செடியும் வெந்த கீரைபோல் தொங்கும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் வரை சாகக் காரணமான அதே நோய்தான் இது. உருளைக்கிழங்கும் தக்காளியும் ஒரே குடும்பம். தரம் 6 பிள்ளை ஒன்று யோகட் கப்பில் வளர்த்த நாலு செடியை வைத்துக்கொண்டு இதோடு சண்டை பிடிக்க வேண்டும் என்கிறோம்.

நமது பக்கத்தில் ஓரளவு காய்ந்த மாதங்கள் பெப்ரவரியும் மார்ச்சும். அப்படியானால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதலிலோ கூரைக்குக் கீழ் விதை போட வேண்டும். ஜனவரி முடிவில் நட வேண்டும். நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் பழம் எடுக்கலாம். வீடியோக்காரர் "தொடங்குங்கள்" என்று சொல்லும் நேரத்தில் நமது செடியில் காய் தொங்க வேண்டும்.

சரி, நாள்காட்டியைத் திருத்திவிட்டால் பிரச்சினை முடிந்ததா? இல்லை. பெப்ரவரியில் செடிக்கு நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதே பெப்ரவரியில்தான் லயத்துப் பொதுக் குழாயில் தண்ணீர் மெலிகிறது. குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய், "தக்காளிக்கு ஒரு வாளி ஊற்றுங்கள் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது மண். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும்; அமிலக் கணக்கில் 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். தக்காளிக்கு 6க்கு மேல் வேண்டும். தேயிலை நின்ற மண்ணில் டொலமைட்டும் கூட்டெருவும் போட்டுச் சில கிழமை ஆறவிடாமல் நட்டால் செடி மஞ்சளாகி அப்படியே நிற்கும். இதைச் சொல்லாமல் "இயற்கையாக வளரும்" என்று எழுதுவது சுத்தப் பொய். ஊருக்குள் காணி உள்ளவர்களுக்கும் இதைவிட நல்ல நிலைமை இல்லை. கண்டி வீட்டுத்தோட்டம் என்று உலக ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களே, அது பலா, தென்னை, கமுகு, கராம்பு, மிளகு என்று மாடி மாடியாக நிற்கும் ஒரு சின்னக் காடு. அதற்குக் கீழே மஞ்சள், இஞ்சி, கிழங்கு வரும். தக்காளிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் வெயில் வேண்டும். பலா மர நிழலில் நட்டுவிட்டு "காய்க்கவில்லை டீச்சர்" என்றால் பிள்ளை என்ன செய்யும்?

பற்றீரியா வாடல் தனிக்கதை. நேற்று நன்றாக நின்ற செடி இன்று மத்தியானம் வாடும், இலை பச்சையாகவே இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் எழும்பாது. அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல்போல் கீழே இறங்கும். அதுதான் பற்றீரியா. மண்ணில் பல வருடம் இருக்கும். அந்த இடத்தில் திரும்பத் தக்காளி, கத்தரி, மிளகாய் நடக்கூடாது. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் இதற்காகவே தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டச் சொல்லி எத்தனையோ காலமாகிறது. நமக்குப் பக்கத்தில், பேராதனை கன்னொறுவையில், விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. திலின, மகேஷி போன்ற நமது இனங்களை வெளியிட்டது அந்தத் திணைக்களம். 1920க்குப் போன் எடுத்தால் ஆலோசனை சொல்வார்கள். இவ்வளவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு டொரொண்டோவில் இருப்பவரின் நாள்காட்டியைப் பார்க்கிறோம்!

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

நமது வலயத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். வீட்டில் தக்காளி நட்டு, கிழமைக்கு ஒரு படம் எடுத்து, கொப்பியில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்படை. 20 புள்ளி. காணியும் போனும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாப்பா ஐந்து பை மண் வாங்கி, வத்தேகமவில் நாற்றும் வாங்கிக் கொடுத்தார். 19 புள்ளி. லயத்துப் பிள்ளை, தாய் கொழுந்து பறிக்கிறவர், பக்கத்து வீட்டுச் செடிக்குப் பக்கத்தில் நின்று இரவல் போனில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தது. 6 புள்ளி. "முயற்சி போதாது" என்று சிவப்புப் பேனையால் ஒரு குறிப்பும்.

நாம் அளந்தது விவசாய அறிவையா, காணி உறுதியையா?

10 அடிக்கு 12 அடிக் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் காண். பரிந்துரைப்படி வரிசைக்கு வரிசை 80 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 50 சென்ரிமீற்றர் விட்டு நடுவதென்றால் பத்துச் செடிக்கு நாலு சதுர மீற்றர் வேண்டும். அந்த நாலு சதுர மீற்றர் எங்கே? 7 பேர்ச்சஸ் தருகிறோம் என்று மேடையில் பேசிப் பேசி எத்தனையோ தேர்தல் போய்விட்டது. தங்கள் பெயரில் ஒரு அங்குல நிலம் இல்லாத குடும்பத்திடம் வீட்டுத்தோட்டப் படம் கேட்கிறோம்.

"லயத்து ஆட்கள் மரக்கறி போடுகிறார்கள்தானே" என்று சிலர் கமன்ட்டில் வருவீர்கள். போடுகிறார்கள். தோட்டம் விட்டுக்கொடுத்த மூலையில் போஞ்சி, பூசணி, கீரை, வேலியில் சவ்சவ். எந்த மாதம் எதைப் போட வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் ஏப்ரலில் தக்காளி நடாமல் இருப்பது சோம்பலால் இல்லை, அறிவால். அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒப்படையே மாறியிருக்கும்.

2021ஐ மறந்துவிட்டோமா? மே மாதத்தில் வர்த்தமானி, இரசாயன உரம் உள்ளே வராது. நவம்பரில் அதே அரசாங்கம் பின்வாங்கியது. அதற்குள் வயலும் தேயிலையும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2022 ஜூனில் அமைச்சரவை அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று. (நமக்கு ஜும்ஆவுக்கு வசதியாக இருந்தது, அதை மறைக்கவில்லை.) அந்த லீவு மாதச் சம்பளக்காரருக்கு. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கிறவர் ஒரு வெள்ளி நின்றால் அன்றையக் காசு போச்சு. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். உரத்தை நிறுத்தியது ஒருவர், விலையை ஏற்றியது இன்னொருவர், "நீங்களே நட்டுச் சாப்பிடுங்கள்" என்ற புத்திமதி மட்டும் ஏழைக்கு. அந்தப் புத்திமதியின் குட்டிதான் நமது ஒப்படை.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பன்விலக்காரர் கோபிப்பார்கள். எல்லா நோயையும் தாண்டி ஒரு காய் சிவந்தாலும் அதைப் பார்ப்பது முதலில் அவர்தான். பழுக்க விடவும் மாட்டார், ஒரு கடி கடித்துவிட்டு எறிவார். 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அப்போதைய விவசாய அமைச்சர் சொன்னார். எதிர்ப்பு வந்தது, கைவிட்டார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் பன்றியும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். எண்ணப்பட்டவர்கள் இன்னும் கூரை மேல்தான் இருக்கிறார்கள். நாட்டிய செடியில் மனிதனோ மிருகமோ பறவையோ சாப்பிட்டால் அது ஸதகா என்று ஹதீஸில் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தரம் 6 பிள்ளையிடம் ஸதகா வாங்கிக்கொண்டு, காய் இல்லையென்று புள்ளி குறைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

பிள்ளைகள் மண்ணில் கை வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வைக்க வேண்டும். பாடசாலையில் வையுங்கள். பாடசாலைக்குக் காணி இருக்கிறது, குழாய் இருக்கிறது. நாலு கம்பு நட்டு மேலே வெள்ளைப் பொலித்தீன் கட்டி, நாலு பக்கமும் திறந்து விட்டால் மழை இலையில் விழாது; பாதி நோய் அங்கேயே போய்விடும். ஒரு வகுப்புக்கு ஒரு பாத்தி. ஒரு செடி செத்தால் அது தோல்வி இல்லை, பாடம். தண்டை வெட்டிக் குவளையில் போட்டு எல்லோரும் பார்க்கட்டும்.

வீட்டுக்கு ஒப்படை கொடுத்தே ஆக வேண்டுமா? நேரான ஒரு போத்தலும் ஒரு அடிமட்டமும் போதும். மூன்று மாதம் தினமும் காலை மழையை அளந்து எழுதச் சொல்லுங்கள். அதற்குக் காணி வேண்டாம், போன் வேண்டாம், வாப்பாவின் காசு வேண்டாம். லயத்துக் கூரைக்குப் பக்கத்தில் விழும் மழையும் மாடி வீட்டு முற்றத்தில் விழும் மழையும் ஒரே மில்லிமீற்றரில்தான் அளக்கப்படும். அந்தக் கொப்பியை வைத்து, எந்த மாதம் தக்காளி நடலாம் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

அந்த 6 புள்ளிப் பிள்ளையின் கொப்பி இன்னும் திருத்தப்படவில்லை. சம்பந்தப்பட்ட ஆசிரியர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர். நல்ல மனிதர், எனக்கும் வேண்டியவர். தவணை முடிவதற்குள் அந்தப் புள்ளியை மாற்றுங்கள் சேர். மற்றவர்கள் அடுத்த வருட ஒப்படை அட்டவணையை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் வீட்டுத்தோட்டப் படம் இருந்தால் வெட்டிவிடுங்கள். மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.