ரயிலில் மாறிய மனசு

ரயில் ஏறினால் நான் தூங்கிவிடுகிற ஆசாமி. ஜாக் பரிஸோ தூங்கவில்லை. 1967-ல் 'கனடா ஒரே நாடாக இருக்கணும்' என்ற நம்பிக்கையோடு மான்ட்ரியாலில் ரயில் ஏறினார். வழியெல்லாம் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பான்ஃபில் இறங்கும்போது, பிரெஞ்சு பேசும் கியூபெக் தனி நாடாகணும் என்ற கட்சிக்கு மாறியிருந்தார்! அவரே சொன்ன கதைதான் இது.

லேசுப்பட்ட ஆளில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் டாக்டர் பட்டம். 1976-ல் மாகாண நிதியமைச்சர். 1988-ல் பார்ட்டி கெபெக்வா கட்சித் தலைவர். 1994-ல் மாகாண முதல்வர்.

1995 அக்டோபர் 30. தனி நாடு பற்றி வாக்கெடுப்பு. 'வேண்டும்' என்றவர்கள் 49.42 சதவிகிதம். கிட்டத்தட்ட 47 லட்சம் பேர் ஓட்டுப்போட்டு, வெறும் 54,288 ஓட்டில் தோல்வி!

அன்று ராத்திரி மேடையேறியவர், தங்களைத் தோற்கடித்தது பணமும் வேற்று இனத்தவர் ஓட்டும்தான் என்று சொல்லிவிட்டார். சொந்தக் கட்சிக்காரர்களே நெளிந்தார்கள். மறுநாளே ராஜினாமா அறிவிப்பு.

2015-ல் அவர் இறந்தபோதும் அந்தப் பேச்சு கூடவே அச்சில் வந்தது.

ஆபீஸில் கோபமாக வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் எனக்கு பரிஸோ ஞாபகம் வரும். இருபத்தெட்டு வருஷம் போட்ட கணக்கு, ஸார்! தோற்றதை ஜனங்கள் மன்னித்திருப்பார்கள். பேசினதைத்தான் மன்னிக்கவில்லை.