வண்டி ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல பேட்டரியை மாத்து!

தமிழ்நாட்டில் ஒரு டீசல் பிக்கப் ரோட்டோரம் படுத்துவிட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் அதைச் சுற்றி ஐந்து நிபுணர்கள் கூடிவிடுவார்கள். டீக்கடையில் இருந்து எழுந்து வருகிறவர் "பேட்டரி அவுட்டு" என்பார். ஆட்டோக்காரர் "ஏர் எடுத்திருக்கும்ணே" என்பார். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர் வந்து காதை ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு, "பம்ப் போச்சு, முப்பது ரூபா ஆகும்" என்று தீர்ப்பு வழங்குவார். (முப்பதாயிரத்தை முப்பது ரூபாய் என்று சொன்னால்தான் அனுபவஸ்தர் என்று அர்த்தம்.)

இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா?

இது சின்னக் கேள்விதான். ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது. சுற்றவே இல்லை என்றால் கோளாறு கரண்டில்: பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார், இப்படி. டீசல் பம்ப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வழியில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பது மாதிரி. திருவிழாவில் அது வேடிக்கை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய தக்காளி பின்னால் வெந்துகொண்டிருக்கும்போது அது வேடிக்கை இல்லை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினில் இருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான். காற்றை இறுக்கிப் பிழிந்தால் அது சூடாகும், 500 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக, தேவை காற்று, இறுக்கம், நேரத்துக்கு வரும் டீசல், போதுமான சுற்று வேகம். இந்த நான்குக்கு வெளியே ஐந்தாவது மர்மம் எதுவும் கிடையாது.

இதில் கடைசியாகச் சொன்ன சுற்று வேகத்தைத்தான் யாரும் மதிப்பதில்லை. மெதுவாகச் சுற்றினால் பிழியும் காற்று ரிங் வழியாக நழுவிவிடும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். எவ்வளவு டீசல் தெளித்தாலும் பற்றாது. "சுத்துதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள், எப்படிச் சுற்றுகிறது என்று கேட்பதில்லை.

சரி, மெதுவாகச் சுற்றுகிறது. உடனே புது பேட்டரி! சும்மா நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குப் பக்கத்தில் நின்றால் அது பிழைத்துக்கொள்ளும். 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் குற்றவாளி பேட்டரிதான் என்று முடிவு கட்ட முடியாது, கரண்டை அளவுக்கு மீறி இழுக்கும் செல்ஃப் மோட்டாராகவும் இருக்கலாம். பேட்டரியில் வோல்ட் நன்றாக இருந்தும் மோட்டார் முனகுகிறதா? மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், இன்னொன்றை என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் போய்விட்டது. என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் பாயாது. அதனால்தான் தனியாக ஒரு எர்த் பட்டை கொடுத்திருக்கிறார்கள். சேறும் உப்பும் பட்டு அது பச்சை பூத்துக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்குப் புது பேட்டரி போட்டு, அதுவும் மூன்றாம் நாள் முனகியதும், "கம்பெனி சாமான் சரியில்லை" என்று பேட்டரிக்காரனைத் திட்டுவார்கள். பாவம் அவன்.

அடுத்து, நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி. இங்கே சைலன்சரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போகவே இல்லை. உடனே பம்ப்பைக் கழற்றிவிடக் கூடாது. டாங்கிலிருந்து ஃபில்டர் வரை வரும் பைப் உறிஞ்சும் பைப். அதில் விரிசல் விட்டால் வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். ராத்திரி முழுக்க டீசல் டாங்குக்கே திரும்பிப் போய்விடும். "நேத்து நல்லா ஓடுச்சுண்ணே, காலையில பிடிக்க மாட்டேங்குது" என்ற புலம்பலில் பல நேரம் இருப்பது இதுதான். ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத ஒரு ரப்பர் வளையம் போதும், இத்தனை அக்கப்போருக்கும். நடுவில் ஒரு முழம் கண்ணாடி டியூப் போட்டுப் பார்த்தால் குமிழி தெரியும். பழைய ரோட்டரி பம்ப் என்றால், டீசலை நிறுத்தும் சொலினாய்டுக்குப் போகும் ஒற்றை வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் வரும். வராவிட்டால் முதலில் சந்தேகம் அந்த வயர் மேல்தான் விழ வேண்டும்.

இதையெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். பிறகு ஏன் சாமான் மாற்றுகிறார்கள்? அவர்களைத் திருடர்கள் என்று திட்டுவது சுலபம். நிஜமான குற்றவாளி வண்டிக்காரர்.

ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் படுத்துப் புரண்டு, ஒரு செப்பு வாஷரை மாற்றி வண்டியைக் கிளப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் கேட்கிறார். "என்னப்பா மாத்தினே?" "வாஷர்ணே." "வாஷருக்கு ஐநூறா?" பேரம் பேசி 200 கையில் திணிக்கப்படும். அதே மெக்கானிக் எதையும் பார்க்காமல் பம்ப்பை இறக்கி, சர்வீஸ் கடைக்கு அனுப்பி, இரண்டு நாள் கழித்து 15,000 பில் நீட்டினால் முனகிக்கொண்டே எண்ணிக் கொடுப்பார்கள். பெரிய சாமான், பெரிய வேலை, பெரிய காசு! மூளைக்குக் கூலி கிடையாது, இரும்புக்கு உண்டு. இப்படிப் பழக்கிவிட்டு, "இப்பல்லாம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லை" என்று அங்கலாய்ப்பு வேறு. டாக்டர் நாடி பார்த்து "ஒண்ணுமில்லை, கஞ்சி குடிங்க" என்றால் ஃபீஸ் கொடுக்காமலா வருகிறார்கள்?

"அதெல்லாம் பழைய வண்டிக்கு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர், ஸ்கேனர் மாட்டினாத்தான் தெரியும்" என்று ஒரு கட்சி சொல்லும். 2017ல் நாடு முழுக்க பி.எஸ்.4, 2020ல் பி.எஸ்.6 என்று விதிகள் வந்தபின் காமன் ரெயில் எல்லா இடத்திலும் பரவிவிட்டது, உண்மை. ஸ்கேனர் தேவை, அதுவும் உண்மை. ஆனால் ஸ்கேனரும் ஒரு சாட்சிதான், ஜட்ஜ் இல்லை. பி0087 என்று ஒரு கோட் வரும். ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று அதற்கு அர்த்தம். பம்ப்பை மாற்று என்று அர்த்தம் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதே உறிஞ்சும் பைப் காற்று இழுக்கலாம். ஒரு இன்ஜெக்டர் ரிட்டர்னில் கொட்டிக்கொண்டிருக்கலாம். நான்கு ரிட்டர்ன் பைப்பிலும் நான்கு சின்னப் பாட்டில் கட்டிச் சுற்றவிட்டால் எது வேகமாக நிரம்புகிறதோ அதுதான் ஆள். ரெயிலில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் ஏறும்வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. அந்த அழுத்தம் ஏறவும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆக, மறுபடியும் அந்தப் பச்சை பூத்த எர்த் பட்டைக்கே வந்து நிற்கிறோம்.

இன்னொரு கட்சி இருக்கிறது, மிக ஆபத்தான கட்சி. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடித்துக் கிளப்புகிறவர்கள். கிளம்பினாலும் கோளாறு என்னவென்று தெரியப்போவதில்லை. நேரம் தப்பி வெடித்தால் ரிங் உடையும், ராடு வளையும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டி என்றால் துணி பிடித்த கையும் போகும். "அவசரத்துக்கு வேற வழி?" என்பார்கள். புகையைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும், எர்த்தைத் தொட்டுப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அவசரக்காரர்கள் இதற்குப் பதில் சொல்வதே இல்லை.

வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலை ஆரம்பிக்கும் முன்பே, "கண்டுபிடிக்கிறதுக்கு இவ்வளவு தர்றேன், சாமான் மாத்தினாலும் மாத்தாட்டியும்" என்று பேசிவிடுவது. மாற்றினால், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கி, இதில் எங்கே பழுது என்று காட்டச் சொல்வது.