மின்னோட்டத்தின் தூய்மை

ஒரு நாட்டின் வளத்தை அதன் மின்சார அளவுகொண்டு மதிப்பது இக்கால வழக்கு. எத்துணை மின்சாரம் உண்டாக்கப்பெற்றது என வினவுவோர் பலர். அஃது எத்தன்மையது என வினவுவோர் மிகச் சிலர். பருகும் நீரில் அளவோடு தூய்மையையும் நாடும் நாம், மின்சாரத்தில் மட்டும் அளவோடு அமைதல் பொருந்துமோ?

நம் இல்லங்களுக்கு வரும் மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சீரிய அலையாக இருத்தல் வேண்டும். பழைய குண்டு விளக்கு அவ்வலையை உள்ளவாறே ஏற்றது. இக்காலத்துக் கணிப்பொறி, எல்.இ.டி. விளக்கு, மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி முதலியனவோ மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுப்பன. அதனால் 150, 250, 350 முறை துடிக்கும் ஹார்மானிக்ஸ் என்னும் கிளையலைகள் தோன்றி மூல அலையோடு கலக்கின்றன. இவற்றால் டிரான்ஸ்பார்மர் வீணே சூடேறும், கபாசிட்டர் பழுதுறும், நியூட்ரல் கம்பியும் கொதிக்கும். குற்றம் ஒருவர் வாயிலிற் பிறப்பினும், துன்பம் அயலார் அனைவரையும் சாரும்.

இதற்கு மருந்து யாது? கம்பிச்சுருளும் கபாசிட்டரும் சேர்ந்த பழைய வடிகட்டி, தனக்கென வகுத்த ஒரு கிளையலையையே பெரும்பாலும் நீக்கும். சிலவேளை மின்வலையோடு ஒத்ததிர்ந்து தீமையை மிகுப்பதும் உண்டு. ஆக்டிவ் பில்டரோ ஓட்டத்தை இடைவிடாது அளந்து, அதிற் கலந்த மாசுக்கு நேர் எதிரான ஓட்டத்தைத் தானே படைத்துச் செலுத்துவது. முள்ளை முள்ளால் எடுத்தல் என்பது இதுவே.

ஆயினும், ஆலைகளுக்குரிய உயர்ந்த வோல்ட்டேஜை ஒரு குறைகடத்தி ஸ்விட்ச் தனித்துத் தாங்காது. பலமட்ட இன்வெர்ட்டர் அச்சுமையைப் பல ஸ்விட்சுகளுக்குப் பகிர்ந்தளித்து, அலையைச் சிறு சிறு படிகளாக அமைக்கிறது. படிகள் மிகுந்தோறும் அலை சீர்பெறும். மாசு நீக்க வந்த கருவியே மாசு விளைக்கும் இழுக்கும் குறையும். ஜப்பான் நாட்டு நாகவோகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து அறிஞர் நபே, தகாஹாஷி, அகாகி ஆகியோர் 1981இல் மூன்று மட்ட இன்வெர்ட்டரை விளக்கினர். ஆக்டிவ் பில்டரை ஆளுதற்குரிய கணித முறையை அகாகி, கனசாவா, நபே ஆகியோர் 1983இல் வெளியிட்டனர். இவ்விரண்டும் இணைந்தமை தொழிலுலகிற்கு வாய்த்த நற்பேறு.

உறுப்புக்கள் பல, விலை மிகுதி, கபாசிட்டர்களின் வோல்ட்டேஜைச் சமன் செய்தல் அரிது என்பர் சிலர். உண்மையே. ஆனால் அச்செலவைத் தவிர்த்தலால் செலவு ஒழிவதில்லை; அயலானுடைய டிரான்ஸ்பார்மர் சூட்டிலும், பொதுமக்கள் செலுத்தும் கட்டணத்திலும் அது மறைந்து நிற்கிறது. தன் ஆலைச் சாக்கடையை ஊர்க்குளத்தில் விடுவானை நாம் பொறுப்போமா?

ஐ.இ.இ.இ. 519 என்னும் நெறி, பயன்படுத்துவோனது கம்பி பொதுக் கம்பியோடு கூடுமிடத்திலேயே மாசுக்கு எல்லை வகுத்துள்ளது. அந்நெறியின் உட்கருத்தே எம் கருத்துமாம். மின்னோட்டத்தைக் கெடுக்கும் பேராலைகள் தம் வாயிலிலேயே, தம் பொருளாலேயே அதனைத் தூய்மை செய்தல் வேண்டும். இல்லத்தார் ஒவ்வொருவரும் பில்டர் வைத்தல் இயலாதாகலின், விளக்கும் கருவியும் செய்வோரே அவற்றைக் குற்றமறச் செய்தல் வேண்டும். யூனிட்டை எண்ணும் மீட்டர் மாசினையும் எண்ணி, அதற்குரிய விலையை அதனை விளைத்தவனிடமே பெறுமாயின், இக்கருவிகள் தாமே பரவும். நாட்டின் மின்சாரத்தை நடத்துவோர் இதனை ஆராய்ந்து ஆவன செய்வாராக.