கொழுப்பில்லாத பொட்டலமும் டின் பால் தேநீரும்

"கொழுப்பில்லாததை வாங்குங்கள். இனிப்பு நீர் இருந்தால் சீனியில்லாததை வாங்குங்கள். ஆரோக்கியம் உங்கள் கையில்." பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது கோலா தெர்லா. கீழிருந்து மலையேறி வந்து இங்கே மைக் பிடிப்பவர்கள் பல வருடங்களாக இதைத்தான் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்திலும் இதே வாசகம்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், கூடுதலாக இரண்டு வெள்ளி கொடுத்துப் பச்சை எழுத்துப் பொட்டலத்தை வாங்கி வருகிறார்கள். வாங்கிய பிறகும் சீனி அளவு இறங்குவதில்லை. இந்த உபதேசம் தவறு. நம் சனங்களின் காசை மட்டும் அல்ல, கண்ணையும் காலையும் சேர்த்துப் பறிக்கும் தவறு.

கொழுப்புதான் எதிரி என்கிறார்கள். இந்தப் பாடம் உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1967-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலர், இதய நோய்க்குக் கொழுப்பைக் குற்றவாளியாக்கி, சீனி மீதான சந்தேகத்தைத் தணித்து எழுதினார்கள். அதற்காக அமெரிக்கச் சீனித் தொழில்துறையின் ஆராய்ச்சி அமைப்பு அவர்களுக்கு 6,500 டாலர் கொடுத்திருந்தது. அந்த விவரம் 2016-இல்தான் வெளியே வந்தது. 1977-இல் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட உணவு இலக்குகளும் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவைதான். ஆனால் அதே அறிக்கை சீனியையும் குறைக்கச் சொன்னது. அந்த வரி மட்டும் ஏனோ நம் மலைக்கு ஏறி வரவில்லை. பிறகு 48,835 பெண்களை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. உணவில் மொத்தக் கொழுப்பைக் குறைத்ததால் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2006-இல் முடிவு வந்தது. நெய்யை அள்ளிக் குடி என்று இதற்குப் பொருளில்லை. கொழுப்பை மட்டும் நீக்கினால் உடம்பு நேராகிவிடும் என்ற வாக்குறுதி பொய் என்றுதான் பொருள்.

"தோட்ட வேலை செய்பவனுக்கு எதுவும் ஒட்டாது" என்பார்கள். கூடை சுமந்து சரிவில் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஸ்டீயரிங் முன்னாலும் கல்லாப் பெட்டி முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, என்னை உண்மையில் எரிய வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தமிழ்க் கைகள் இந்த மலையில் தேயிலை பறித்திருக்கின்றன. அந்த இலையைக் கொதிநீரில் போட்டால் வரும் சாயத்தில் கொழுப்பும் இல்லை, சீனியும் இல்லை. எந்தப் பச்சை எழுத்தும் தேவைப்படாத பானம் அது. அதில் நாம் எதை ஊற்றுகிறோம்? டின் பாலை. பால் என்று நாம் சொல்லும் அந்த டின்னை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் "கிரீமர்" என்றுதான் எழுதியிருக்கும். பால் கொழுப்பின் இடத்தில் செம்பனை எண்ணெய் இருக்கும். எடையில் ஏறத்தாழ பாதி சீனி.

கணக்குப் போடுங்கள். ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் என்றால் சுமார் 40 கிராம். அதில் சீனி மட்டும் 20 கிராம். நாலைந்து தேக்கரண்டி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடித்தாலே 60 கிராம் உள்ளே போய்விடும். 2,000 கலோரி உண்பவர் ஒரு நாளில் 50 கிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த அளவு. சோறும் ரொட்டி சானாயும் தட்டுக்கு வருமுன்னே, மூன்று குவளைத் தேநீரிலேயே எல்லை தாண்டியாயிற்று.

அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லையா? கவனித்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. இப்போது அது 90 சென். ஆனால் இந்த வரி ஆலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு வரியும் இல்லை, மேலே ஒட்டிய எச்சரிக்கையும் இல்லை. அதே 2019-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. நம் வீடுகளை வைத்து எண்ணிப் பாருங்கள், எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். இப்படிப்பட்ட சனங்களிடம் வந்து, கொழுப்பில்லாத தயிர் வாங்கு, கொழுப்பில்லாத பிஸ்கட் வாங்கு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, குவளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது எப்படி நியாயம்? கொழுப்பை எடுத்தால் சுவை போகும். போன சுவையைச் சீனியாலும் மாவாலும் ஈடுகட்டுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். பழச்சுவை சேர்த்த கொழுப்பில்லாத தயிர்க் கிண்ணத்தைத் திருப்பிப் படித்தாலே இது தெரியும். முன்பக்க எழுத்து கொழுப்புக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது.

"அப்படியானால் சீனியில்லாததை வாங்கலாமே" என்பது அவர்களின் அடுத்த பேச்சு. சீனியில்லாத பிஸ்கட்டில் சீனி இல்லை, உண்மைதான். மைதா இருக்கிறது. அது வயிற்றுக்குப் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். எண்ணெயும் இருக்கிறது. சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிட்டால் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது. "இது சீனியில்லாதது, நாலு சேர்த்துச் சாப்பிடலாம்" என்று தட்டை நம் பக்கம் தள்ளும் அக்காமார்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

விலை அதிகம் என்பதால் நல்லது என்பாரும் உண்டு. அது விலைக்கு மட்டுமே சான்று.

கொழுப்பா சீனியா என்று நம்மை ஒரு முனையில் நிறுத்திக் கேட்பது பொட்டலம் விற்பவனின் கேள்வி. இரண்டு பக்கமும் அவன் சரக்குதான். பொட்டலமே தேவைப்படாத உணவோ நம் கண்முன்னே இருக்கிறது. கோலா தெர்லாவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காய்கறித் தோட்டம். கோஸும் தக்காளியும் லாரி ஏறிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. நாம் அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போய்ப் பொட்டலம் வாங்குகிறோம்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, கடையில் உட்கார்ந்தால் "தே ஓ கோசோங்" என்று, பாலும் சீனியும் போடாத தேநீரைக் கேளுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். பால் வேண்டும் என்றால் வீட்டில் உண்மையான பாலை ஊற்றுங்கள், கொழுப்போடே ஊற்றுங்கள். பொட்டலம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதன் பெயர்தான் அங்கே முதலில் வரும். முதல் மூன்று பெயர்களில் சீனியோ குளுக்கோஸ் சிரப்போ மைதாவோ இருந்தால், பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.