காப்பித்தண்ணி

போன மாதம் மூன்று நாள் லீவில் பாளையம்பட்டி போயிருந்தேன். பையில் துணிமணியைவிட காபி சாமான்கள்தான் அதிகம். சிக்மகளூர் கொட்டை கால் கிலோ, கையால் சுற்றும் அரவை மெஷின், கூம்பு மாதிரி ஒரு வடிகட்டி, அதில் போடும் காகிதம், கிராம் கணக்கு பார்க்க ஒரு குட்டித் தராசு. இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் புதிதல்ல.

முதல் நாள் காலை கடையை விரித்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அப்பத்தா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கூம்பில் வைத்து, அதன் வாடை போக வெந்நீர் விட்டு அலசி, சிங்க்கில் கொட்டினேன். கப் சூடாக இருக்க வேண்டும் என்று இன்னொரு முறை வெந்நீர். அதையும் கொட்டினேன். யூடியூபில் எந்த காபி வீடியோவைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

"எந்தக் குடத்துல எடுத்த?"

"எவர்சில்வர் குடத்துல அப்பத்தா."

"அது நல்ல தண்ணில்ல ஆத்தா. நீ இப்பக் கொட்டுனது ஒரு ஆளு குடிக்கிற காப்பித்தண்ணி."

அவ்வளவுதான். திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் காபி இறங்கவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் தண்ணீர் ஒன்றல்ல, இரண்டு. போரில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க. குழாயில் முறை வைத்து வருவதோ, வண்டியில் குடக்கணக்கில் விலைக்கு வாங்குவதோ நல்ல தண்ணி. அது குடிக்க, சமைக்க. நல்ல தண்ணிக் குடத்துக்குத் தனி இடம், தனி மூடி, தனிச் சொம்பு. சின்ன வயதில் அந்தச் சொம்பை மாற்றி வைத்ததற்கு நான் வாங்கிய கொட்டு இன்னும் தலையில் இருக்கிறது. பெருநகரத்துக்குப் போய் நாலே வருடத்தில் அதை மறந்திருக்கிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது நினைவிருக்கிறதா? அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சாயங்காலக் காபி நின்றுபோனது அந்தக் கோடையில்தான். பால் விலையோ தூள் விலையோ காரணமில்லை. தண்ணீர்தான்.

ஒரு டம்ளர் வடித்த கறுப்புக் காபியில் ஏறக்குறைய 98 சதவிகிதம் தண்ணீர். கொட்டையிலிருந்து இறங்கி வருவது மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக நான் எழுநூறு ரூபாய் செலவழித்துவிட்டு, மீதித் தண்ணீரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் யோசித்தேன். ஒரே தூள், ஒரே அளவு, மூன்று தண்ணீர். நான் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் (ஆமாம், அதுவும் பையில் இருந்தது) போர் தண்ணீரில் நாலு இலக்கத்துக்குப் போய் நின்றது. கடையில் வாங்கிய கேன் தண்ணீரில் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. குழாயில் வந்த நல்ல தண்ணி இரண்டுக்கும் நடுவில்.

காபிக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் உப்புகள் கரைந்திருந்தால் நல்லது என்பது உலக காபிக்காரர்களின் கணக்கு. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது. அதைச் சொல்வது நாக்குதான்.

போர் தண்ணீர் காபி சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருந்தது. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட், காபியின் மெல்லிய புளிப்பை அப்படியே அமுக்கிவிடும். சிக்மகளூரும் போச்சு, எழுநூறு ரூபாயும் போச்சு. கேன் தண்ணீரில் வேறு வம்பு. தூளின் சுவையை இழுத்து வர கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சமாவது வேண்டும். அது இல்லாததால் காபி நீர்த்து, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. குழாய்த் தண்ணி காபி ஜெயித்தது. அப்பத்தாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. "அதுக்குத்தான நல்ல தண்ணின்னு பேரு" என்றாள்.

ஒரு டிப்ஸ் மட்டும்: உப்புத் தண்ணீர் ஊரில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடுப்பில் காட்டினால் ஒட்டிய தூள் கருகிப் போகுமே தவிர, படிந்த உப்பு போகாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள்.

எங்கள் ஊரை ஒட்டி மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை போகிறது. நெடுஞ்சாலைகளில் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகளுக்குக் குறைவே இல்லை. எனக்கு அந்தக் காபி மேல் கோபமில்லை. ஆனால் அது ஆற்றங்கரைக் காபி. காவிரித் தண்ணீர், புல் மேய்ந்த மாட்டின் கெட்டிப் பால், நிதானமாகச் சொட்டும் டிகாக்‌ஷன், டபரா, கழுவி வைக்கத் தண்ணீர். விருதுநகர் மாவட்டத்தில் வருடத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். காபிச் செடிக்கே அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். இங்கே காபி என்பது மலையிலிருந்து இறங்கி வந்த விருந்தாளி. விருந்தாளியை நம் வசதிக்குத்தான் தங்க வைக்க முடியும்.

அப்படித் தங்க வைத்ததுதான் வரக்காப்பி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, மண் போக வடிகட்டி, மறுபடி கொதி வந்ததும் தூளைப் போட்டு இறக்கி மூடி வைப்பாள் அப்பத்தா. மண்டி அடியில் தங்கிவிடும். மழைக்காலம் என்றால் ஒரு துண்டு சுக்கு. பால் இல்லை, கருப்பட்டிக்குச் சில சமயம் பால் திரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றிய கவலையும் இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு டம்ளர் காபி. கழுவ ஒரு பாத்திரம். தண்ணீர் ஊற்றி யாரும் வளர்க்காத பனைதான் இனிப்பைத் தருகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் சீனி கலக்காத கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது இப்போது கொட்டை வாங்குவதைவிடக் கஷ்டம்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்க மாட்டார்கள். "காப்பித்தண்ணி குடிக்கிறீகளா?" என்பார்கள். ஏதோ கிராமத்துப் பேச்சு என்று அதைத் திருத்திக்கொண்டு பெருநகரத்துக்குப் போனவள் நான். நல்ல தண்ணிக் குடத்தில் ஒரு சொம்பு குறைகிறது என்று தெரிந்தே கேட்கிற கேள்வி அது என்பது இந்த முறைதான் உறைத்தது.

கிளம்புகிற அன்று காலை மறுபடி கூம்பை எடுத்தேன். கப்பைப் போர் தண்ணீரில் சூடாக்கினேன். காகிதம் அலசிய நல்ல தண்ணியைக் கிண்ணத்தில் பிடித்து வைத்தேன். அப்பத்தா முகர்ந்து பார்த்துவிட்டு அதில் குழம்புக்குப் புளியை ஊறப்போட்டாள்.

காபியை அவளிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள்.

"என்னத்தா, புளிச்ச மோரு மாதிரி இருக்கு?"

எழுந்துபோய் பானையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து வந்து கப்பில் போட்டு விரலால் கலக்கினாள். எனக்கு வயிறு எரிந்தது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. வீடியோ எடுக்கவில்லை.